இது கிரிக்கெட் ஐபிஎல் இல்ல! மெயின்பிரேம் சிஸ்டம் புரோகிராமர்களைத் தூங்கவிடாத 5 கேள்விகள்

"ஞாயித்துக்கிழமை ஐபிஎல் இருக்கு, வர லேட் ஆகும்" என்று தாம்பரம் பக்கத்து ஐடி ஊழியர் ஒருவர் வீட்டில் சொன்னால், அவர் சேப்பாக்கத்துக்குத்தான் போகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். மெயின்பிரேம் உலகில் ஐபிஎல் என்றால் ‘இனிஷியல் புரோகிராம் லோட்’. லட்சக்கணக்கான வங்கிக் கணக்குகளைத் தாங்கி நிற்கும் ஒரு பெரிய கணினியை நிறுத்தி, மறுபடியும் எழுப்பும் வேலை அது.

அந்த வேலையைச் செய்பவர்தான் சிஸ்டம் புரோகிராமர். இவரைப் பற்றி வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் இவர் ஒரு முடிவைத் தப்பாக எடுத்தால், வேறொரு நாட்டில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கணக்கில் ஏறாமல் போகலாம். அப்படி உண்மையிலேயே நடந்தும் இருக்கிறது. இவர்கள் தினமும் சந்திக்கும் தொழில்நுட்பக் கேள்விகள் என்ன? எளிமையாகப் பார்க்கலாம்.

மெயின்பிரேம்னா என்ன?

பெரிய ஃபிரிட்ஜ் அளவில் இருக்கும் கணினி. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பணப் பரிவர்த்தனைகளை, நிற்காமல், கணக்குப் பிசகாமல் முடிப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. 1964 ஏப்ரல் 7-ம் தேதி ஐபிஎம் நிறுவனம் அறிவித்த ‘சிஸ்டம்/360’ தான் இன்றைய மெயின்பிரேம்களின் மூதாதை. 2025-ல் வந்த ‘இசட்17’ வரை அதே குடும்பம்தான்.

இதன் பெரிய பலம், பழசைக் கைவிடாதது. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய புரோகிராம்கூட புது மெஷினில் ஓடும். கணினிக்கு வேலை சொல்லும் ‘ஜேசிஎல்’ வரி இன்றைக்கும் 80 எழுத்துதான். காரணம், அந்தக் காலத்தில் ஓட்டை போட்டுக் கொடுத்த அட்டையில் 80 பத்திகள் இருந்தன. அட்டை போய்விட்டது, அளவு போகவில்லை.

அமெரிக்கா, ஐரோப்பாவின் பெரிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், கார்டு நிறுவனங்கள் பலவும் இன்னும் மெயின்பிரேமில்தான் இருக்கின்றன. இந்திய வங்கிகள் கோர் பேங்கிங்குக்குத் தாமதமாக மாறியதால், பெரும்பாலும் வேறு வகை சர்வர்களைத் தேர்ந்தெடுத்தன. அதனால் இங்கே மெயின்பிரேம் வேலை என்றால், பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான வேலைதான்.

சென்னைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் 50 வருடத்துக்கும் மேல் பழையது. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் உருவான ஐஐடி மெட்ராஸில் 1973-ல் ‘ஐபிஎம் 370/155’ மெயின்பிரேம் நிறுவப்பட்டது. 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. இந்தியாவில் இருந்த ஐபிஎம் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு ‘சிஎம்சி’ என்ற அரசு நிறுவனத்துக்கு வந்தது. தயாரித்த கம்பெனியே இல்லாத ஊரில் அதன் மெஷினை ஓட்ட வேண்டிய நிலை நம்ம பொறியாளர்களுக்கு அப்போதே வந்துவிட்டது.

1984-ல் தாம்பரம் சானடோரியத்தில் ‘மெப்ஸ்’ ஏற்றுமதி மண்டலம் தொடங்கப்பட்டது. திருநீர்மலையில் இருந்து சில கிலோமீட்டர்தான். பின்னாளில் ஐடி நிறுவனங்களும் அங்கே இடம்பிடித்தன. 1990-களின் கடைசியில் ‘ஒய்2கே’ பிரச்சினை வந்தது. வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய புரோகிராம்கள் 2000-ஐ 1900 என்று நினைத்துவிடும் என்ற பயம். அவற்றைத் திருத்த, கோபோல் மொழி தெரிந்தவர்களுக்கு இந்தியாவில் பெரிய கிராக்கி உண்டானது.

நேர வித்தியாசமும் கைகொடுத்தது. வங்கிகள் அன்றைய கணக்கை மொத்தமாகப் போடும் ‘பேட்ச்’ வேலை இரவில்தான் ஓடும். கோடைக்காலத்தில் நியூயார்க்கில் இரவு 10 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 7.30. அவர்கள் தூங்கும்போது, இங்கே ஜிஎஸ்டி சாலையில் ஆபீஸ் பஸ் ஓடிக்கொண்டிருக்கும்.

சிஸ்டம் புரோகிராமர் யார்?

ஒரு பெரிய அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் என்ன நடக்கிறது என்பது குடியிருப்பவர் பொறுப்பு. கோபோலில் வங்கிக் கணக்கு புரோகிராம் எழுதுபவர் இந்தக் குடியிருப்பவர் மாதிரி. தண்ணீர் மோட்டார், லிஃப்ட், மெயின் போர்டு, கேட் சாவி எல்லாவற்றையும் பார்ப்பவர்தான் சிஸ்டம் புரோகிராமர். ஒரு வீட்டில் ஃபியூஸ் போனால் ஒரு வீடுதான் இருட்டு. மெயின் போர்டில் கைவைத்தால் எல்லா வீடும் இருட்டு.

அதனால் இவர்கள் கேட்டுக்கொள்ளும் எல்லாக் கேள்விக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: ‘இது சொதப்பினா, திரும்பிப் போக வழி இருக்கா?’

கேள்வி 1: ஜாப் பாதியில் நின்னுடுச்சு, எங்கிருந்து ஓட்டுவது?

ஒரு வேலை இடையில் விழுந்தால் ‘அபெண்ட்’ ஆகிவிட்டது என்பார்கள். ஒவ்வொரு அபெண்டுக்கும் ஒரு குறியீடு உண்டு. பிரபலமானது ‘எஸ்0சி7’. பேச்சு வழக்கில் ‘சாக் செவன்’. எண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடமோ எழுத்தோ இருந்து, அதைக் கூட்டவோ கழிக்கவோ முயன்றால் இது வரும். பெரும்பாலும் தரவில் கோளாறு. ‘எஸ்0சி4’ என்றால் புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத நினைவகப் பகுதியைத் தொடப் போயிருக்கிறது. ‘எஸ்806’ என்றால் கூப்பிட்ட புரோகிராமையே காணோம்.

குறியீட்டின் அர்த்தம் கையேட்டிலேயே இருக்கிறது. கஷ்டமானது அடுத்த முடிவு. பத்து படி உள்ள வேலை ஆறாவது படியில் விழுந்தது என்று வையுங்கள். நாலாவது படியில் வாடிக்கையாளர் கணக்கில் பணம் வரவு வைக்கப்பட்டுவிட்டது. இப்போது முதலில் இருந்து ஓட்டினால், அதே பணம் இரண்டாவது முறையும் ஏறிவிடும்! எந்தப் படியில் இருந்து தொடங்கலாம், எந்தக் கோப்பை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால்தான் தப்பிக்க முடியும்.

கேள்வி 2: டிஸ்க்கில் இடம் இருக்கு, அப்புறம் ஏன் ‘இடமில்லை’?

புதிதாக வருபவர்களைக் குழப்பும் கேள்வி இது. மெயின்பிரேமில் கோப்பு உருவாக்கும்போதே எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். முதலில் ஒரு பெரிய பங்கு, போதாவிட்டால் கூடுதலாக எவ்வளவு என்று இரண்டு எண்கள் தர வேண்டும். வழக்கமான ஒரு கோப்புக்கு ஒரு டிஸ்க்கில் அதிகபட்சம் 16 துண்டுகள்தான் கிடைக்கும்.

‘டி37’ வந்தால், முதல் பங்கு தீர்ந்துவிட்டது, கூடுதல் பங்கு கேட்கவே இல்லை என்று அர்த்தம். ஜேசிஎல்லைத் திருத்தினால் போதும். ‘பி37’ வந்தால், கூடுதலும் கேட்டாயிற்று, ஆனால் 16 துண்டுகளும் முடிந்திருக்கும் அல்லது அந்த டிஸ்க்கே நிரம்பியிருக்கும். இரண்டுமே ‘இடமில்லை’ என்ற ஒரே சேதிதான். ஆனால் வைத்தியம் வேறு. வித்தியாசம் தெரியாமல் எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், மற்ற வேலைகளுக்கான இடத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கேள்வி 3: ஐபிஎல் போடாமலே மாத்திடலாமா?

மெயின்பிரேமை நிறுத்துவது யாருக்கும் பிடிக்காது. வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில், சில மணி நேரம்தான் அனுமதி கிடைக்கும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அமைப்பை மாற்ற வசதி உண்டு. புதிய புரோகிராம் நூலகத்தை, சிஸ்டம் தேடும் பட்டியலில் சில கமாண்டுகளில் சேர்த்துவிடலாம்.

சிக்கல் இங்கேதான். அந்த மாற்றம் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். ‘பார்ம்லிப்’ என்ற அமைப்புக் கோப்பிலும் அதை எழுதாவிட்டால், அடுத்த ஐபிஎல் வந்ததும் மாற்றம் காணாமல் போய்விடும். நாலு மாதம் ஒழுங்காக ஓடிய வேலை, திங்கட்கிழமை காலை ‘எஸ்806’ என்று விழும். ‘வார இறுதியில் யாரும் எதையும் தொடவில்லையே’ என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அதுவும் உண்மைதான். தப்பு நடந்தது நாலு மாதத்துக்கு முன்பு!

மறுபக்கமும் ஆபத்து உண்டு. அதே பார்ம்லிப்பில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலே மெஷின் எழாமல் போகலாம். அதனால்தான் அனுபவசாலிகள் பழைய, நன்றாக ஓடிய சிஸ்டம் டிஸ்க்கின் நகலைத் தனியாக வைத்திருப்பார்கள். புதுசு எழவில்லையா? பழசில் இருந்து எழுப்பு.

கேள்வி 4: பேட்ச் போட்டாச்சு, திரும்ப எடுக்க முடியுமா?

ஐபிஎம் அனுப்பும் மென்பொருள் திருத்தத்துக்குப் பெயர் ‘பிடிஎஃப்’. அதை ‘எஸ்எம்பி/இ’ என்ற கருவி மூலம் மூன்று கட்டமாகப் போடுவார்கள். முதலில் ‘ரிசீவ்’: வாங்கி வைப்பது. அடுத்து ‘அப்ளை’: ஓடும் நூலகத்தில் சேர்ப்பது. கடைசியாக ‘அக்செப்ட்’: இனி இதுதான் நம்ம அடிப்படை என்று முத்திரை குத்துவது. ‘அப்ளை’ வரைக்கும் ‘ரிஸ்டோர்’ என்று சொல்லிப் பின்வாங்கலாம். ‘அக்செப்ட்’ செய்தபின் அந்தக் கதவு மூடிவிடும்.

அதனால் ‘எப்போ அக்செப்ட் பண்ணலாம்?’ என்பதில் அவசரம் கூடாது. ‘அப்ளை’க்கு முன்பே ஒத்திகை பார்க்கும் ‘செக்’ வசதியும் உண்டு. இந்தத் திருத்தம் வேறு எந்தத் திருத்தத்தைக் கேட்கிறது, போட்டபின் கையால் செய்ய வேண்டியது என்ன என்பதையெல்லாம் அப்போதே படித்துவிட வேண்டும்.

பின்வாங்கும் வழியைச் சோதிக்காவிட்டால் என்ன ஆகும்?

2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்தில், இரவு நேரக் கணக்கு வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருள் மேம்படுத்தப்பட்டது. சிக்கல் தெரிந்ததும் புதிய பதிப்பை நீக்கிவிட்டுப் பழையதுக்குத் திரும்ப முடிவு செய்தார்கள். ஆனால் திரும்பினால் என்ன ஆகும் என்று முதலில் சோதித்துப் பார்க்கவில்லை. புதுசும் பழசும் ஒத்துப்போகவில்லை.

விளைவு, ஆர்பிஎஸ், நாட்வெஸ்ட், அல்ஸ்டர் பேங்க் ஆகியவற்றின் 65 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டன் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். சம்பளம் ஏறவில்லை, கணக்கு இருப்பு சரியாகத் தெரியவில்லை, கட்ட வேண்டிய தவணைகள் போகவில்லை. முழுவதும் சரியாக வாரக்கணக்கில் ஆனது. 2014 நவம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 5.6 கோடி பவுண்ட் அபராதம் விதித்தன.

கேள்வி 5: 2042 செப்டம்பர் 17-க்கு அப்புறம் மணி என்ன?

மெயின்பிரேமின் உள் கடிகாரம் 1900 ஜனவரி 1-ல் இருந்து நேரத்தை எண்ணுகிறது. அதற்கு ஒதுக்கிய இடம் 64 பிட். அது 2042 செப்டம்பர் 17 இரவு, சர்வதேச நேரப்படி 11.53 மணி வாக்கில் நிரம்பி, மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். நமக்கு அது செப்டம்பர் 18 அதிகாலை 5.23.

இதற்கு நீளமான புதிய கடிகார வடிவம் ஏற்கெனவே வந்துவிட்டது. பழைய வடிவத்தையே நம்பி எழுதிய புரோகிராம்கள் எவை என்று தேடுவதுதான் பெரிய வேலை. அதற்கு 2042 வரை காத்திருக்கவும் முடியாது. எதிர்காலத் தேதியைப் பழைய வடிவத்தில் கணக்கிடும் புரோகிராம் எங்காவது இருந்தால், 25 வருடக் கடனோ பாலிசியோ அதில் நுழையும் நாளிலேயே தவறு தொடங்கிவிடும்.

இந்த வேலைக்கு எதிர்காலம் இருக்கா?

2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில் வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாண ஆளுநர் பில் மர்ஃபி, கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். தெரிந்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள், புதியவர்கள் வருவது குறைவு.

கோபோல் புரோகிராமை ஜாவாவுக்கு மாற்ற உதவும் ஏஐ கருவியை ஐபிஎம் 2023-ல் அறிவித்தது. அது ‘குடியிருப்பவர்’ வேலையைச் சுலபமாக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மெஷின் எழாதபோது எந்த டிஸ்க்குக்குத் திரும்புவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு மனிதரிடம்தான் இருக்கிறது.

கத்துக்கணும்னா என்ன வழி?

ஐபிஎம் நடத்தும் ‘இசட் எக்ஸ்ப்ளோர்’ இலவசப் பயிற்சியில் உண்மையான மெயின்பிரேமிலேயே பழகலாம். ‘ஹெர்குலிஸ்’ என்ற இலவச மென்பொருளில், எம்விஎஸ் 3.8 என்ற பழைய இயங்குதளத்தை வீட்டு லேப்டாப்பிலேயே ஓட்டி, ஐபிஎல் போட்டுப் பார்க்கலாம். உடைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

பணம் கட்டிப் பயிற்சி நிலையத்தில் சேர்வதாக இருந்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். கோபோலும் ஜேசிஎல்லும் மட்டுமா, சிஸ்டம் நிர்வாகமும் உண்டா? கைப்பட மெஷினில் பழக எத்தனை மணி நேரம் தருவீர்கள்? பெரும்பாலும் ஃபிரஷர்களை நேரடியாக சிஸ்டம் புரோகிராமராக எடுப்பதில்லை. ஆபரேஷன்ஸ், பேட்ச் கண்காணிப்பு போன்ற வேலைகளில் நுழைந்து, சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு மேலே வருவதுதான் வழக்கமான பாதை.