வண்டுகளின் மீநெருக்க ஒளிப்படவியல்

பொறிவண்டு போன்ற சிறு தோட்ட வண்டுகளை, அவற்றின் உண்மை அளவைவிடப் பெரிய பிம்பமாக ஒளியுணரியில் விழச்செய்து படமெடுக்கும் முறை மீநெருக்க ஒளிப்படவியல் ஆகும். உருப்பெருக்கம் கூடக்கூடப் புல ஆழம் குறைகிறது. ஐந்து மடங்கில் அது மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. கண் தெளிந்தால் உணர்கொம்பு மங்கும். வில்லைத் துளையை மிகச் சுருக்கினாலோ ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மங்கிவிடும்.

எனவே ஒளிப்படக்கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகளை மட்டும் மென்பொருளால் இணைக்கின்றனர். இது குவிய அடுக்கல் எனப்படும். லெவன் பிஸ் 2016 இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்த பூச்சிப் படங்கள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான படங்களின் தொகுப்பாகும். அவை பதப்படுத்தப்பட்ட இறந்த பூச்சிகள்.

உயிருள்ள வண்டு சற்றே அசைந்தாலும் அடுக்கு பாழாகும். இதற்காக வண்டைக் கொல்பவரும் குளிர்பெட்டியில் வைப்பவரும் உண்டு. குளிர்ந்த விடியற்காலையில் அது தானாகவே அசைவற்றிருக்கும் என்பதால் இவை தேவையற்றவை.