கோப்பில் ஏறிய பள்ளிக்கூடம்

தில்லியிலும் மும்பையிலும் குடியேறி வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள், பள்ளி விழாக்களில் இந்தியில் பாடிப் பழகிய பாட்டொன்று உண்டு. கவிஞர் கிரிஜா குமார் மாத்தூர் மொழிபெயர்த்த அப்பாட்டின் ஆங்கில மூலம் 'வீ ஷேல் ஓவர்கம்' என்பது. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்துப் புகையிலைத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், 1946-இல் டென்னசி மாநிலத்து மலைப்பாங்கான இடத்திலிருந்த ஒரு பள்ளிக்கு அதனைக் கொண்டு வந்தனர். அங்கிருந்து அது நாடெங்கும் பரவிற்று. பாட்டை அறிந்தவர் பலர். அது வந்து தங்கிய பள்ளியை அந்நாட்டு அரசாங்கமே வேவு பார்த்து வந்தது என்பதை அறிந்தவர் சிலரே.

ஹைலாண்டர் மக்கள் பள்ளி என்பது அதன் பெயர். மைல்ஸ் ஹார்ட்டன், டான் வெஸ்ட் என்னும் இரு இளைஞர்கள் 1932-இல் மான்ட்டீகிள் என்ற சிற்றூருக்கு அருகே அதனைத் தொடங்கினர். நிலக்கரிச் சுரங்கங்களும் வறுமையும் மலிந்த பகுதி அது. ஹார்ட்டன் நியூயார்க்கில் சமயக் கல்வி பயின்றவர். உழவர்களுக்கென டென்மார்க்கில் நடந்த மக்கள் பள்ளிகளை நேரில் சென்று கண்டவர். அவர் நிறுவிய பள்ளியில் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைப்போர் சில வாரங்கள் தங்கி, கூட்டம் நடத்துவது எப்படி, ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் கொள்வது எப்படி, முதலாளியுடன் அமர்ந்து பேசுவது எப்படி என்று கற்றனர். ஹார்ட்டனின் மனைவி ஜில்பியா அவர்களுக்குப் பாட்டுக் கற்பித்தார்.

பள்ளி தொடங்கிய ஆண்டின் இறுதியிலேயே, வைல்டர் என்ற சுரங்க ஊரில் வேலைநிறுத்தத்தைக் காணச் சென்ற ஹார்ட்டன் கைதானார். அவர் மேல் சுமத்தப்பட்ட குற்றம் கேட்போரை நகைக்க வைக்கும்: அங்கு வந்து செய்தி திரட்டினாராம், திரும்பிப் போய் அதனைக் கற்பித்தாராம்!

ஆயினும் நகைப்புக்கு இடமில்லாத காலம் விரைவில் வந்தது. 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டவுடன், ஒற்றாடல், நாசவேலை, அரசுக்கு எதிரான செயல்கள் ஆகியவற்றைத் துப்பறியும் பொறுப்பைக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், எட்கர் ஹூவரின் எஃப்.பி.ஐ. துறையிடம் ஒப்படைத்தார். 1940-இல் ஸ்மித் சட்டம் வந்தது. அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்க வேண்டுமென்று கற்பிப்பதே குற்றம் என்றது அது. அவ்வாண்டில் சுமார் 900 ஆக இருந்த துப்பறிவோர் தொகை, 1945-இல் ஐயாயிரத்தை நெருங்கியது. ஆட்கள் பெருகினால் கோப்புகளும் பெருகத்தானே செய்யும்?

ஹைலாண்டரைப் பற்றிய வதந்திக்குப் பஞ்சமில்லை. நாஷ்வில் நகரத்து நாளிதழ் ஒன்று 1939-இல் அதனைக் கம்யூனிஸ்டுகளின் கூடாரம் என்று தொடர்ந்து எழுதியது. மறு ஆண்டில் 'கிரண்டி கவுண்டி குருசேடர்கள்' என்று தம்மை அழைத்துக்கொண்ட உள்ளூர்க் கூட்டத்தார், பள்ளியை விரட்டியே தீருவோம் என்று கிளம்பினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு நிலக்கரிக் கம்பெனியின் அதிகாரி என்பதை மறக்கலாகாது. பத்திரிகையின் குற்றச்சாட்டைக் குருசேடர்கள் திருப்பிச் சொன்னார்கள். இரண்டும் கோப்பில் ஏறின.

ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஓர் ஒற்றன் தந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்றார். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் நம்ப வேண்டும் என்றார். ஒரே வதந்தி மூன்று வாய்களில் புறப்பட்டு வந்தால் அது மூன்று சாட்சி ஆகிவிடாது. இந்த வேறுபாட்டை ஹூவரின் துறை உணரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் வெளியிடப்பட்ட அக்கோப்பு ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்டது. இத்தனைக்கும் பள்ளி எதையும் மறைத்துச் செய்யவில்லை. குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டே அதற்கு நன்கொடை அனுப்பி, வெளிப்படையாக ஆதரித்தார். கணவரின் ஆட்சியில் ஒரு கை கொடுத்தது. மற்றொரு கை குறிப்பெடுத்தது.

உண்மையில் அவ்வட்டாரத்தாரை உறுத்தியது வேறொன்று. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் பயிலலாகாது என்று டென்னசியில் 1901 முதலே சட்டம் இருந்தது. நிறவேற்றுமை பாராட்டும் சங்கங்களுக்கு இனி வகுப்பு நடத்துவதில்லை என்று ஹைலாண்டர் 1940-இல் அறிவித்தது. 1944-இல் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த இரு நிறத்தவரும் அங்கே ஒன்றாகத் தங்கி, ஒரே மேசையில் உண்டு, ஒன்றாகவே கற்றனர். நாசிகளின் இனவெறியை எதிர்த்து ஐரோப்பாவில் அமெரிக்கப் படைகள் போரிட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. அப்படைகளிலேயே கறுப்பினத்தார் தனிப் பிரிவுகளில் வைக்கப்பட்டிருந்தனர்.

யுத்தம் முடியும்வரை அப்பள்ளியின் மீது கூட்டரசு எந்த வழக்கும் தொடரவில்லை. வழக்கு இல்லையேல் கோப்பை மூடிவிடலாமே என்று கேட்கலாம். அத்துறையின் வழக்கம் அதுவன்று. நெருக்கடி நேர்ந்தால் காவலில் வைக்க வேண்டியவர்கள் என்று ஹூவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதற்குச் சட்ட ஆதாரம் இல்லை, பயனும் இல்லை என்று அட்டர்னி ஜெனரல் பிரான்சிஸ் பிடில் 1943 ஜூலையில் ஆணையிட்டார். ஹூவர் பட்டியலின் பெயரை மட்டும் மாற்றி, வேலையைத் தொடர்ந்தார்.

யுத்தம் ஓய்ந்தபின் பகையும் ஓயவில்லை. 1955 கோடையில் ரோசா பார்க்ஸ் அங்குப் பயின்றார்; அவ்வாண்டு டிசம்பரில்தான் மாண்ட்கமரியில் பேருந்து இருக்கையை விட்டெழ மறுத்தார். 1957-இல் பள்ளியின் வெள்ளிவிழாவுக்கு மார்ட்டின் லூதர் கிங் வந்தபோது, ஜார்ஜியா மாநில அரசு அனுப்பிய ஆள் அவரைப் படம் பிடித்தான். கம்யூனிஸ்டுப் பயிற்சிப் பள்ளியில் கிங் என்ற வாசகத்தோடு அப்படம் தெற்கத்திச் சாலையோரங்களில் விளம்பரப் பலகையாக நின்றது.

1959 ஜூலை இறுதியில் ஓர் இரவு, மதுபானம் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு போலீஸார் பள்ளிக்குள் புகுந்தனர். இருட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர்கள் அந்தப் பழைய பாட்டைப் பாடத் தொடங்கினர். மாண்ட்கமரியிலிருந்து வந்திருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, அச்சமில்லை என்னும் பொருள்பட ஓர் அடியைப் புதிதாகச் சேர்த்தாள். 1961-இல் நீதிமன்றத் தீர்ப்பால் பள்ளி தன் உரிமத்தை இழந்தது; நிலமும் கட்டடங்களும் ஏலத்தில் போயின. அதே ஆண்டில் ஹார்ட்டனும் நண்பர்களும் நாக்ஸ்வில் நகரில் வேறு பெயரில் மீண்டும் பள்ளியைத் திறந்தனர்.