டேங்க்: போய்த் திரும்பிய ஒரு சொல்

சிம்மக்கல்லில் ‘டேங்க்’ என்றால் வீட்டுக்காரருக்கு மொட்டைமாடி சின்டெக்ஸ் ஞாபகம் வரும். பைக்கில் நிற்பவருக்குப் பெட்ரோல். ராணுவ அணிவகுப்பு பார்த்த பையனுக்குப் பீரங்கி வண்டி. வெள்ளைக்காரன் ஆவணத்திலோ அது வண்டியூர்க் கண்மாய்.

இத்தனைக்கும் இது நம்ம பக்கத்துச் சரக்குதான். குஜராத்தி, மராத்தியில் நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் சொல்லை 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டார்கள், போர்த்துகீசியமும் அதோடு கலந்தது என்கின்றன அகராதிகள். பிறகு முதல் உலகப் போர். 1915-இல் பிரிட்டனில் ரகசியமாக ஒரு இரும்பு வண்டி தயாரானது. விஷயம் வெளியே கசியக்கூடாதென்று ‘தண்ணீர் டேங்க்’ செய்கிறோம் எனச் சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15, சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது. பொய்ப்பெயரே நிஜப்பெயராக நிலைத்துவிட்டது.

தமிழுக்கு இந்த ஒற்றைச் சொல் போதாது. குடிக்க ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய், சாமிக்குத் தெப்பக்குளம், வீட்டுக்குத் தொட்டி. கண்மாய் என்றால் தண்ணீர் மட்டுமில்லை. வரத்துக்கால், கரை, மடை, கலிங்கு எல்லாம் சேர்ந்ததுதான். மேல்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய தெப்பக்குளத்துக்கும் வைகையிலிருந்து கால்வாய் வழியாகத்தான் தண்ணீர் வர வேண்டும். ஆங்கிலப் பதிவேட்டில் இவையெல்லாம் ‘டேங்க்’தான். புரோகிராமர் பாஷையில் சொன்னால், நாலு வேறு டைப்பை ஒரே டைப்பாக மாற்றியாச்சு. உள்ளே இருந்த தகவல் போச்சு.

இது வெறும் சொல் சண்டை இல்லை. டேங்க் என்றால் ஒரு பாத்திரம். காலியாகக் கிடந்தால் எடுத்துவிட்டு வேறெதாவது வைக்கலாம் என்றே தோன்றும். கண்மாயை அப்படி எடுக்க முடியாது. கோடையில் காய்ந்து கிடப்பதும் அதன் வேலையில் ஒரு பகுதி. ஒன்றை மூடினால் சங்கிலியே அறுந்துவிடும், மழைத் தண்ணீர் தெருவுக்குள் வரும். சிம்மக்கல்லிலிருந்து பாலம் தாண்டினால் கோரிப்பாளையம், அடுத்து தல்லாகுளம்: பெயரில் குளம். 2004-இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை இருப்பது உலகனேரி: பெயரில் ஏரி. ஏழுகடல் தெருவில் கடலே இருக்கிறது. அந்தக் குளம் இருந்த இடத்தில் இப்போது கடைகள்.

ஏரியாக இங்கிருந்து கிளம்பிய சொல், நானூறு வருஷம் சுற்றிவிட்டு பிளாஸ்டிக் தொட்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. அந்தத் தொட்டிக்கு ஏறும் போர் தண்ணீர், கண்மாய் நிறைந்தால்தான் ஊறும்.