சீதாதேவியும் தலைமன்னார்க் கப்பலும்

1947ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. டக்கோட்டா வகையைச் சேர்ந்த அவ்விமானத்தின் பெயர் ‘சீதாதேவி’. இலங்கையினின்றும் புட்பக விமானமேறி மீண்ட தேவியின் பெயரை அதற்குச் சூட்டியவர் இதிகாசம் அறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 425 மைல். மணிக்குச் சுமார் 170 மைல் செல்லும் டக்கோட்டாவுக்கு அஃது இரண்டரை மணி நேரப் பறப்பு. இடையில் இறங்கி ஏறும் நேரம் தனி. இவ்வான்வழியில் கடிதம் மனிதரை முந்திக்கொண்டது என்பதையும் நேயர்கள் நினைவிற்கொள்ளலாம். 1938லேயே டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் கொழும்பை எட்டிவிட்டது.

ஆனால், சப்ரகமுவத் தோட்டத்து மக்கள் இதே தூரத்தை வேறொரு கணக்கால் அளந்தனர். நாட்கூலி பெறுவோர்க்கு விமானச் சீட்டு எட்டாக்கனி. இரத்தினபுரிக்கு 1912இல் வந்த களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை இரண்டரை அடி அகலமே கொண்டது. தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டுசெல்லவே அது பெரிதும் பயன்பட்டது. மனிதரும் அதிலேயே ஏறினர். தோட்டத்தார் அதனைக் ‘கோச்சி’ என்றே அழைத்தனர். கொழும்பில் இறங்கி, அகலப் பாதையில் இரவு வண்டி பிடித்துத் தலைமன்னாரை அடைந்து, அங்கே கப்பலேறித் தனுஷ்கோடியில் கரை சேர வேண்டும். அதன்பின் மீண்டும் இரயில். ஊர் உள்ளே இருந்தால் மாட்டுவண்டியோ கால்நடையோ. தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வருவோர்க்கோ, இவ்வளவும் போக, மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலும் மருத்துவச் சோதனையும் இருந்தன.

சீதாதேவி பறந்து ஓராண்டு நிறையுமுன்னரே, 1948 நவம்பரில், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதன்பின் அவர்களுடைய பயணத்தின் நீளத்தை மைலும் மணியும் தீர்மானிக்கவில்லை, பத்திரங்களே தீர்மானித்தன. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. ஒரே லயத்தில் பிறந்த உடன்பிறப்புகளும் இரு நாட்டவராயினர். விண்ணப்பம் எழுதிய நாளுக்கும் கப்பலேறிய நாளுக்கும் இடையே ஆண்டுகள் பல கழிந்தவர் உண்டு. இரண்டரை மணி நேரத் தூரம் அவர்களுக்கு அவ்வாறு நீண்டது.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் ஆகுமுன், அவ்வாண்டு டிசம்பரில், தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பின்னர்க் கப்பல் இராமேசுவரத்தில் கரை சேர்ந்தது. கூலி வேலைக்கு வந்தோரை ஒருகாலத்தில் தடுத்து வைத்த மண்டபம் முகாம், இப்போது திரும்பி வந்தோர்க்குத் தங்கிடமாயிற்று. 1976இல் இரத்தினபுரிக் கோச்சி நின்றுபோனது. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது.

இன்று கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஜெட் விமானம் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சென்று சேர்கிறது. பலாங்கொடையிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து கட்டுநாயக்காவுக்குச் செல்லும் வீதிப் பயணத்துக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.