கிரெட்ஸ்கியை விற்ற நாள்

உதைபந்தாட்ட வீரர்களின் விலையைப் பற்றி நம்ம பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். கனடாவின் ஐஸ் ஹொக்கியில் நடந்த விற்பனை ஒன்றைச் சொல்கிறேன்.

1979 இல், தனது 18ஆவது பிறந்தநாளன்று வேய்ன் கிரெட்ஸ்கி 21 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். எட்மன்டன் ஒயிலர்ஸ் அணியோடு அல்ல, அதன் முதலாளி பொக்ளிங்டனோடு. சூட்சுமமே அங்கேதான்!

நான்காவது ஸ்டான்லி கிண்ணத்தை வென்று கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1988 ஓகஸ்ட் 9 அன்று லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுக்கு விற்றுவிட்டார்கள். ஈடாக வீரர்களும் வந்தார்கள்தான். ஆனால் முதலாளிக்குத் தேவைப்பட்டது கூடவே வந்த 15 மில்லியன் டொலர். அரசாங்கம் தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று கனடாப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரே கேட்டார்.

1990 இல் கிரெட்ஸ்கி இல்லாமலேயே ஒயிலர்ஸ் மீண்டும் சம்பியன். முதலாளி செய்தது சரி என்றே தோன்றியிருக்கும். அடுத்த வருடமே தலைவர் மெஸ்ஸியரும் நியூயோர்க் போனார். 1994 இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் கிண்ணம் வென்றபோது அதில் ஆடிய ஏழு பேர் பழைய ஒயிலர்ஸ் வீரர்கள்.