பேஸ்ட் பண்ணின டேட்டா எங்கே போகுது?

டெவலப்பர்களா நாம தினமும் செய்யற ஒரு சின்ன வேலையோட வரலாறுதான் இன்னைக்கு எபிசோட். ஒரு ஏபிஐ ஒரே வரியில நீளமா ஜேசான் அனுப்புது. கண்ணால படிக்க முடியல. உடனே தேடி, முதல்ல வர்ற இலவச ஃபார்மேட்டர் சைட்டைத் திறந்து, பேஸ்ட் பண்ணி, பட்டனை அழுத்துறோம். அழகா அடுக்கி வந்துடுது. சரி, அந்த டேட்டா நம்ம மெஷினை விட்டு வெளியே போச்சா, இல்லையா?

முதல்ல 1995க்குப் போவோம். நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். டயல்-அப் காலம் அது. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால்கூட, அது சர்வர் வரை போய்த் திரும்பி வந்துதான் தப்பு என்று சொல்லும். அந்தச் சரிபார்ப்பை பிரௌசரிலேயே முடிப்பது ஜாவாஸ்கிரிப்டின் ஆரம்பகால வேலைகளில் முக்கியமானது. அதாவது, சர்வரைத் தொந்தரவு பண்ணாம இருக்கிறது அந்த மொழிக்குப் பிறவிக்குணம் மாதிரி.

ஆனா ஃபைல்னு வந்தா கதை வேற. நம் கணினியில் இருக்கும் ஒரு படத்தை வலைப்பக்கம் தானாகத் திறந்து படிக்க வழியில்லை. அளவைக் குறைக்கணுமா? அப்லோட் பண்ணு, வேலை சர்வரில் நடக்கும், டவுன்லோட் பண்ணிக்கோ. 2010 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 3.6, ஃபைல் ஏபிஐ வசதியோடு வந்தது. நாம் தேர்ந்தெடுக்கும் ஃபைலை, எங்கேயும் அனுப்பாமல், பக்கத்தில் இருக்கும் ஸ்கிரிப்டே படிக்கலாம். 2017இல் வெப்அசெம்ப்ளி முக்கியமான நான்கு பிரௌசர்களுக்கும் வந்தது. சி, சி++இல் எழுதிய கனமான நிரல்களும் பிரௌசருக்குள்ளேயே ஓட ஆரம்பித்தன. அடுத்த வருஷமே கூகுளின் குரோம் குழு ஸ்கூஷ் என்ற கருவியை வெளியிட்டது. படத்தை அப்லோட் பண்ணாமலே சுருக்கித் தந்துடும்.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாத்திரம் சைபர்செஃப். பேஸ்64, ஹாஷ், என்கிரிப்ஷன்னு நூத்துக்கணக்கான வேலைகளைச் செய்யற கருவி. 2016இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது யார் தெரியுமா? பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஹெச்கியூ! அடுத்தவங்க பேச்சை ஒட்டுக்கேட்கிறதே தொழிலா இருக்கிற இடம். ஆனா அவங்க கருவியில நீங்க போடுற எதுவும் சர்வருக்குப் போகாது. மொத்தமா டவுன்லோட் பண்ணி, நெட்டே இல்லாத மெஷினிலும் ஓட்டலாம்.

ஆக, தொழில்நுட்பம் எப்பவோ தயார். அப்புறமும் என்ன ஆச்சுன்னு பாருங்க. 2025 நவம்பரில் வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஜேசான்ஃபார்மேட்டர், கோட்பியூட்டிஃபை என்ற இரண்டு பிரபல தளங்களில் 'சேவ்' பட்டனை அழுத்தினால் பகிர்வதற்கு அப்போது ஒரு லிங்க் கிடைத்தது. அந்த லிங்க்குகள் 'சமீபத்தியவை' என்று எல்லோரும் பார்க்கும் பக்கத்திலேயே வரிசையாக இருந்தன. இப்படி 80,000க்கும் மேற்பட்ட பதிவுகளை அவர்கள் எடுத்தார்கள். உள்ளே டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகள், கிளவுட் சாவிகள், வங்கிகள், அரசுத் துறைகள் சம்பந்தப்பட்ட ரகசியங்கள். சோதனைக்காகப் போலிச் சாவிகளையும் அங்கே போட்டு வைத்தார்கள். இரண்டே நாளில் யாரோ அவற்றைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அப்போ, அந்தப் பக்கத்தை வேற யாரோவும் மேஞ்சுக்கிட்டுதான் இருந்திருக்காங்க.

ஜேசானை அடுக்க சர்வரே தேவையில்லை. டேட்டா வெளியே போனது அந்த ஒரு 'சேவ்' பட்டனால். பிரௌசரால முடியுமாங்கிறது பழைய கேள்வி. கருவியைச் செஞ்சவர் எதைத் தேர்ந்தெடுத்தார்ங்கிறதுதான் இப்போ கேள்வி.

அதை நாமே ஓரளவு பார்த்துக்கலாம். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து வச்சு, முதல்ல ஒரு பொய் டேட்டாவைப் போடுங்க. பட்டனை அழுத்தும்போது புது ரெக்வெஸ்ட் கிளம்புதான்னு கவனிங்க. பக்கம் லோட் ஆனதும் வைஃபையை ஆஃப் பண்ணிப் பாருங்க. வேலை நடந்தா, கணக்கு உங்க மெஷினிலேயே நடக்குதுன்னு அர்த்தம். ஆனா நெட் திரும்பினதும் அனுப்பாதுன்னு அது மட்டும் உத்தரவாதம் ஆகாது. அதனால நிஜ பாஸ்வேர்டு இருக்கிற டேட்டாவுக்கு, சைபர்செஃப் மாதிரி டவுன்லோட் பண்ணி வச்ச கருவிதான் சரி.

உங்க டீமில் எந்தக் கருவி ஓடுதுன்னு ஒருமுறை சோதிச்சுட்டுச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.