பழைய அட்டையிலும் துணியிலும் வில்வித்தை இலக்கு: வீட்டிலேயே செய்யும் முறை

ஜார்ஜ்டவுன்: வில்வித்தை பழக விரும்பும் பிள்ளைக்கு வில்லும் அம்பும் வாங்கிய பிறகு இலக்குக்கும் பணம் தேடுவது பல பெற்றோருக்குச் சுமைதான். ஆனால் இலக்கை வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களைக் கொண்டே செய்துகொள்ளலாம்.

எளிய தொடக்கம் சாதனைக்குத் தடையல்ல. இந்தியாவின் ராஞ்சி அருகே ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி சிறு வயதில் மூங்கில் வில்லில் பழகியவர். 2010 டில்லி காமன்வெல்த் போட்டியில் அவர் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார்.

இலக்கு என்றதும் வண்ண வளையங்கள் உள்ள தாள்தான் நினைவுக்கு வரும். உண்மையில் முக்கியமானது அதன் பின்னால் அம்பைப் பிடித்து நிறுத்தும் மெத்தை. அது சரியில்லை என்றால் அம்பு ஊடுருவிப் போகும். அல்லது எய்தவர் மீதே திரும்பித் தெறிக்கும்.

அட்டை மெத்தை

மளிகைக் கடைகளில் கழிக்கும் அட்டைப் பெட்டிகளை 80 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கையாக அடுக்க வேண்டும். 80 செ.மீ. உயரத்திற்கு 200க்கும் மேற்பட்ட அட்டைகள் தேவைப்படும். மேலும் கீழும் பலகை வைத்து, நீண்ட போல்டு, நட்டு அல்லது கயிற்றால் இறுக்கிக் கட்டவும். அம்பு அட்டையின் ஓரத்தில் பட்டு, இரண்டு அட்டைகளுக்கு இடையே நுழைந்து உராய்வினால் நிற்கும். நாளடைவில் தளர்ந்தால் மீண்டும் இறுக்கினால் போதும்.

துணி மூட்டை

அரிசிக் கோணி அல்லது உரச் சாக்கில் பழைய துணிகளைத் திணித்துத் தைப்பது இன்னும் எளிது. பொத்தான், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும். உள்ளே வெற்றிடம் இல்லாதபடி நன்றாக மிதித்துத் திணிக்கவும். துணி போதாவிட்டால் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் தேடிப் பார்க்கலாம்.

டயர், கெட்டிப் பலகை, தகரம் ஆகியவை வேண்டாம். அம்பு தெறிக்கும் அல்லது முறியும்.

வளையங்கள்

18 மீட்டர் உள்ளரங்கப் போட்டியின் இலக்குத் தாள் 40 செ.மீ. விட்டம் உடையது. காம்பஸில் 2, 4, 6 என்று 20 செ.மீ. ஆரம் வரை பத்து வட்டங்கள் வரையலாம். நடுவிலிருந்து இரண்டிரண்டு வளையங்களாக மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை எனத் தீட்டவும். நடு வட்டத்திற்கு 10 புள்ளி. வெளி வளையத்திற்கு 1 புள்ளி. இலக்கின் மையம் தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு

இவை பயிற்சிக்கான இலகுவான வில்லுக்கு மட்டுமே பொருந்தும். முதலில் 5 மீட்டரில் எய்து, அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கவும். முனை பின்புறம் எட்டிப் பார்த்தால் மெத்தையின் தடிப்பைக் கூட்ட வேண்டும்.

அடுக்குமாடி நடைபாதையும் கடைவீதி அஞ்சடியும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. இலக்கின் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத மண்மேடு இருப்பது நல்லது. எல்லாரும் எய்து முடித்த பிறகே அம்பை எடுக்கப் போக வேண்டும். அம்பை உருவும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அதன் பின்முனை கண்ணைக் குத்திவிடும். பிள்ளைகள் பெரியவர் துணையின்றி எய்யவே கூடாது.

மழையில் நனைந்த அட்டை வலுவிழக்கும். ஆகவே மூடி வைக்கவும். மூடிய தார்ப்பாயில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த மெத்தை துப்பாக்கிக்கு உதவாது. காற்றுத் துப்பாக்கி வைத்திருக்கக்கூட 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி போலீஸ் உரிமம் தேவை.